பங்கு விற்க முடியாத மின் நிறுவனம்: டிவிஏவின் நீண்டகாலக் கடன்

ஒரு மின் நிறுவனம் அணை கட்ட, உலை கட்ட, கம்பி இழுக்கப் பணம் திரட்டும் வழிகள் பெரும்பாலும் இரண்டு: பங்கு விற்கலாம், கடன் வாங்கலாம். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்துக்கு முதல் வழி கிடையாது. டிவிஏ என்று அழைக்கப்படும் இந்த ஆணையம் முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தம். 1933-இல் ரூஸ்வெல்ட் காலத்தில் பிறந்தது. 1948-இல் தொடங்கிய நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் இதைப் பார்த்து உருவானதுதான். இன்று ஏழு மாநிலங்களில் சுமார் ஒரு கோடிப் பேருக்கு இதன் மின்சாரம் போகிறது. அதில் பெரும்பகுதி உள்ளூர் மின் விநியோக அமைப்புகள் வழியாக வீடுகளைச் சேர்கிறது.

மின்சாரத் துறையின் கடனைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிறுவனத்தைத்தான். பங்குதாரர் இல்லாததால் கடனை மறைக்க இடமில்லை. கணக்கு தப்பினால் லாபப் பங்கைக் குறைத்துச் சமாளிக்க முடியாது, நஷ்டம் நேராக மின் கட்டணத்துக்குப் போய்விடும். பத்திரத்தில் அச்சிட்ட வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கடனின் விலையைச் சொல்லக் கூடாது, பத்திரத்தோடு யார் யாருக்கு என்னென்ன உரிமை கைமாறியது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

1979-க்குப் பிறகு நகராத உச்சவரம்பு

ஆரம்ப காலத்தில் டிவிஏவின் மூலதனம் நாடாளுமன்ற ஒதுக்கீடாகவே வந்தது. 1959-இல் சட்டம் திருத்தப்பட்டது. இனி மின் பிரிவு தன் காலில் நிற்க வேண்டும், பத்திரம் விற்றுப் பணம் திரட்டிக்கொள்ளலாம், ஆனால் நிலுவைக் கடன் 75 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்றது சட்டம். மின் தேவை ஏற ஏற வரம்பும் ஏறியது: 1966-இல் 175 கோடி, 1970-இல் 500 கோடி, 1975-இல் 1,500 கோடி, 1979-இல் 3,000 கோடி டாலர். அதோடு சரி. இடையில் எத்தனை பணவீக்கம் வந்து போயிருக்கிறது! ஆனாலும் இன்றைக்கும் அதே 3,000 கோடிதான். பின்னால் வரும் சுற்றுவழிகள் பலவற்றுக்கும் வேர் இந்த ஒரு எண்.

பத்திரம் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு என்ன? மின் விற்பனையில் இயக்கச் செலவு போக மிஞ்சும் வருவாய்தான். அணையோ உலையோ அடமானம் வைக்கப்படவில்லை. அமெரிக்க அரசின் உத்தரவாதமும் இல்லை. அதைப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் மாநிலக் கட்டண ஆணையம் எதையும் கேட்காமல் டிவிஏ வாரியமே கட்டணத்தை நிர்ணயிக்கலாம். அதற்கு மேல், செலவுக்கும் கடன் தவணைக்கும் போதுமான அளவு கட்டணம் வசூலித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டளையே இடுகிறது. முதலீட்டாளர் நம்புவது இந்தக் கட்டளையைத்தான்.

நின்றுபோன உலைகள், நிற்காத வட்டி

1966-இல் தொடங்கி டிவிஏ மொத்தம் 17 அணு உலைகளுக்குத் திட்டம் போட்டது. மின் தேவை பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்ற அன்றைய கணிப்பு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பலிக்கவில்லை. ஹார்ட்ஸ்வில், ஃபிப்ஸ் பெண்ட், யெல்லோ க்ரீக் ஆகிய மூன்று இடங்களில் எட்டு உலைகளை 1982-க்கும் 1984-க்கும் இடையில் கைவிட்டார்கள். அலபாமாவின் பெல்லஃபான்ட்டில் இரண்டு உலைகளின் வேலை 1988-இல் நின்றது. 17-இல் ஓடியவை ஏழு மட்டுமே. அந்த ஏழிலும் வாட்ஸ் பார் முதல் உலை 1973-இல் தொடங்கி 1996-இல்தான் மின்சாரம் விற்றது. இரண்டாவது 2016-இல்.

கட்டுமானக் காலத்து வட்டியைச் செலவாக எழுதாமல் சொத்தின் மதிப்பில் சேர்ப்பது மின் துறையில் வழக்கம். உலை ஓடத் தொடங்கியதும் அது தேய்மானமாகக் கட்டணத்தில் கரைந்துவிடும். உலை ஓடவே இல்லையென்றால்? வட்டியும் சேர்ந்து உப்பிய சொத்து ஏட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதற்காக வாங்கிய கடனுக்கு மட்டும் ரொக்கமாக வட்டி போய்க்கொண்டிருக்கும். 1995-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் டிவிஏவைப் பற்றி எழுதிய அறிக்கை சொன்னது இதைத்தான். அப்போது கடன் சுமார் 2,600 கோடி டாலர். மின்சாரம் தராமல், கட்டணத்திலும் சேராமல் கிடந்த அணுசக்திச் சொத்து சுமார் 1,400 கோடி. மின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போனது.

ஆனால் கட்டணத்தை 1987 முதல் ஏற்றவே இல்லை. அடிப்படைக் கட்டணம் ஏறாத பத்தாண்டு என்று அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. அந்தப் பத்தாண்டில் மின்சாரம் வாங்கியவர் கொடுக்காத பணத்தை அடுத்த தலைமுறை வட்டியோடு கொடுக்க நேர்ந்தது. 1997-இல் கட்டணத்தை ஏற்றி, பத்தாண்டில் கடனைப் பாதியாகக் குறைப்போம் என்று திட்டம் வெளியிட்டார்கள். காற்று மாசுத் தடுப்புக் கருவிகளுக்கான செலவு உட்படப் பல குறுக்கே வந்தன, பாதி இலக்கு எட்டப்படவில்லை. பெல்லஃபான்ட்டுக்காக ஏட்டில் மிஞ்சியிருந்த சுமார் 390 கோடி டாலரை 2005-க்குப் பிறகுதான், பத்தாண்டுத் தவணையில் கட்டணத்தில் ஏற்றிக் கரைக்க ஆரம்பித்தார்கள்.

அரசு வங்கியிடமிருந்து விடுபட்டது

1974 முதல் பதினைந்து ஆண்டுகள் டிவிஏ சந்தைக்கே போகவில்லை. கருவூலத்தின் கீழ் இயங்கும் ஃபெடரல் ஃபைனான்சிங் பேங்கிடம் கடன் வாங்கியது. அரசு கடன் வாங்கும் வட்டிக்கு மேல் ஒரு சிறு துளிதான் கூடுதல், எனவே மலிவு என்று தோன்றும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் அரசின் வட்டியே இரட்டை இலக்கத்தில் இருந்தது. வீட்டுக் கடனை வட்டி குறைந்த வேறு வங்கிக்கு மாற்றுவோமே, அந்த வசதி இந்தக் கடனில் இல்லை. முன்கூட்டி அடைப்பதென்றால் வாங்கிய அசல் தொகையான முகமதிப்பைக் கொடுத்தால் போதாது, அன்றைய சந்தை மதிப்பைக் கொடுக்க வேண்டும். வட்டி விழுந்துவிட்ட காலத்தில் பழைய உயர் வட்டிக் கடனின் சந்தை மதிப்பு முகமதிப்பைவிட மிகவும் அதிகம்.

1989-இல் டிவிஏ பொதுச் சந்தைக்குத் திரும்பியது. 1998-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மிச்சமிருந்த 320 கோடி டாலர் அரசு வங்கிக் கடனை அபராதமில்லாமல் முகமதிப்பிலேயே அடைக்க அனுமதித்தது. முகமதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் இருந்த இடைவெளி கருவூலத்தின் கையிலிருந்து டிவிஏவின் கைக்கு வந்தது. முன்கூட்டி அடைக்கும் உரிமைக்கு எவ்வளவு விலை என்பதை ஒரு சட்டம் இப்படி வெளிச்சம் போட்டுக் காட்டியது.

வட்டி இறங்கும், ஏறாது

அதே 1998-இல் டிவிஏ விற்ற ஒரு பத்திரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நியூயார்க் பங்குச் சந்தையில் டிவிசி என்ற குறியீட்டில் வாங்கி விற்கிற இதன் முகமதிப்பு 25 டாலர், முதிர்வு 2028 ஜூன். தொடக்க வட்டி 6.75 சதவீதம். முதல் ஐந்தாண்டு வட்டி மாறாது. 2003 முதல் ஆண்டுக்கொரு முறை ஒரு சோதனை: அரசின் 30 ஆண்டுப் பத்திர வட்டியோடு 0.94 சதவீதப் புள்ளியைக் கூட்டு. கிடைப்பது நடப்பு வட்டியைவிடக் குறைவாக இருந்தால் வட்டி அந்த அளவுக்கு இறங்கும். அதிகமாக இருந்தால் ஒன்றும் மாறாது. ஒருமுறை இறங்கியது திரும்ப ஏறவே ஏறாது.

இறங்குகிற ஆண்டில் வாங்கியவருக்கும் ஓர் உரிமை உண்டு. இந்த வட்டி வேண்டாமென்றால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து 25 டாலரை வாங்கிக்கொள்ளலாம். 1999-இல் டிவிஇ என்ற குறியீட்டில் இதன் தம்பி வந்தது: 6.5 சதவீதத் தொடக்கம், 0.84 புள்ளிக் கூடுதல், 2029 முதிர்வு.

டிவிஏவுக்கு இதில் கிடைத்தது தானாக நடக்கும் மறுநிதியளிப்பு. பழைய பத்திரத்தை அடைக்க வேண்டாம், புதிதாக விற்க இடைத்தரகருக்குக் கட்டணம் தர வேண்டாம், வட்டி மட்டும் இறங்கும். 2020-இல் கொரோனாவால் அரசுப் பத்திர வட்டி பாதாளத்துக்குப் போனபோது டிவிசியின் வட்டி 2.134 சதவீதத்தில் போய் நின்றது, டிவிஇ 2.216-இல். அதற்குப் பிறகு சந்தை வட்டி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இவை இரண்டும் அங்கேயே உறைந்துவிட்டன.

அந்தக் கூடுதல் 0.94 என்று ஒப்பந்தத்திலேயே கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவேளை டிவிஏவின் நம்பகத்தன்மை கெட்டு, சந்தை 2 புள்ளி கூடுதலாகக் கேட்கத் தொடங்கினால், அந்த ஆண்டு வட்டி இறக்கம் நிகழ்ந்தால் எல்லோரும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது நிறுவனம் தனக்கு மிக மோசமான நேரத்தில் ரொக்கம் தேட வேண்டியிருக்கும். இறக்கம் நிகழாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கதவே திறக்காது, வாங்கியவர்தான் மாட்டிக்கொள்வார். எனவே இதன் விலையைக் கணக்கிடுகிறவர் வட்டி எந்தப் பக்கம் போகும், டிவிஏவின் தரம் எந்தப் பக்கம் போகும் என்ற இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ‘அரசு நிறுவனப் பத்திரம், பத்திரமானது’ என்று சொல்லி ஓய்வூதியக்காரரிடம் விற்பதற்கு இதில் உள்முடிச்சு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

17.5 கோடி டாலருக்கு விற்ற உரிமை

இந்த ஆய்வின் நடுமையம் இதுதான். டிவிஏ விற்ற பத்திரங்கள் சிலவற்றில், குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு முன்கூட்டியே அடைக்கும் உரிமை டிவிஏவின் கையில் இருந்தது. வட்டி விழுந்தால் அது பெரும் சொத்து. ஆனால் அந்தத் தேதி வரக் காத்திருக்க வேண்டும். 2003-இல், காத்திருக்காமல் அந்த உரிமையை இப்போதே பணமாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 100 கோடி டாலர் பத்திரம் ஒன்றின் உரிமைக்கு ஈடாக ஒரு ஸ்வாப்ஷனை ஒப்பந்தத்தின் மறுபக்கம் நிற்கும் எதிர்த்தரப்புக்கு விற்று 17.5 கோடி டாலர் வாங்கினார்கள். 47.6 கோடி டாலருக்கான இன்னொன்றை விற்று 8.1 கோடி வாங்கினார்கள்.

ஸ்வாப்ஷன் என்பது ஒரு வட்டி மாற்று ஒப்பந்தத்தை (ஸ்வாப்) அமலுக்குக் கொண்டுவரும் விருப்புரிமை, அதாவது வேண்டுமானால் பயன்படுத்தலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்ற உரிமை. எதிர்த்தரப்பு ‘சரி, தொடங்கலாம்’ என்றால் டிவிஏ அன்றிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு நிலையான வட்டியைக் கட்ட வேண்டும், பதிலுக்குச் சந்தையோடு ஏறி இறங்கும் மிதவை வட்டியை வாங்கிக்கொள்ளும். திட்டம் காகிதத்தில் ஒழுங்காகவே இருந்தது. வட்டி விழும், எதிர்த்தரப்பு உரிமையைப் பயன்படுத்தும், டிவிஏ பழைய பத்திரத்தை அடைத்து மிதவை வட்டியில் கடன் வாங்கும், ஸ்வாப்பில் வருகிற மிதவை வட்டி அதற்குச் சரியாகிவிடும், மிச்சம் பழைய நிலையான வட்டிதான். முன்பு கட்டியதைவிட அதிகமாக எதுவும் கட்டவில்லை, கையில் 17.5 கோடி மிச்சம்.

இதில் கைவிட்டது என்ன? வட்டி வீழ்ச்சியின் முழுப் பலனையும். 2008-இல் எதிர்த்தரப்பு உரிமையைப் பயன்படுத்தி ஸ்வாப்பைத் தொடங்கியது. அது ஓடுவது 2044 வரை. தொடங்கிய அதே ஆண்டில் நிதி நெருக்கடி வெடித்தது, வட்டி சரிந்தது, பத்தாண்டுக்கு மேல் அடித்தளத்திலேயே கிடந்தது. முப்பதாண்டுக்கு மேல் உயர் வட்டி கட்ட ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாததை வாங்குகிற ஒப்பந்தத்தின் இன்றைய மதிப்பு என்னவாக இருக்கும்? டிவிஏவின் ஏட்டில் இந்த ஒரு ஸ்வாப்பின் பொறுப்பு மட்டும் ஒரு கட்டத்தில் 100 கோடி டாலரைத் தாண்டியது. அதாவது ஒப்பந்தத்தின் அடிப்படைத் தொகையையே தாண்டியது. வாங்கியது 17.5 கோடி. அது மட்டுமல்ல, மதிப்பு இப்படிச் சரியும்போது எதிர்த்தரப்பிடம் பிணை வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பணப்புழக்கத்துக்கு அது தனிச் சுமை.

நியாயமாகப் பார்த்தால், 2003-இல் முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு வட்டி இந்த அளவு விழும் என்று தெரிய வழியில்லை. அந்த 17.5 கோடி அன்றைய விலைக்கு ஏமாற்று விலையும் இல்லை. நான் குறை சொல்வது வேறு இடத்தில். மின் நிறுவனத்தின் வருவாய் மெதுவாக அசைவது, கட்டுப்பாட்டுக்குள் இருப்பது. அப்படிப்பட்ட நிறுவனம் விருப்புரிமையை வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது. விற்கிறபோது லாபம் முதல் நாளே தெரிந்த தொகை, நஷ்டத்துக்கு அடி தெரியாது. அந்த நஷ்டம் வந்தால் சுமப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் இல்லை, நாஷ்வில்லிலோ நாக்ஸ்வில்லிலோ மாதாமாதம் பில் கட்டுகிறவர்.

இவ்வளவு பெரிய நஷ்டம் ஏன் வருமான அறிக்கையைப் புரட்டிப் போடவில்லை? கட்டண ஒழுங்குமுறைக் கணக்கியல்தான் காரணம். தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் நிறுவனம், ‘இந்தச் செலவைப் பிற்காலத்தில் கட்டணத்தில் வசூலித்துக்கொள்வோம்’ என்று வாரியத் தீர்மானம் போட்டால், இன்னும் ரொக்கமாக மாறாத நஷ்டத்தை ஒழுங்குமுறைச் சொத்து என்று ஒரு வரியில் நிறுத்தி வைக்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம் ஸ்வாப் பொறுப்பு, இன்னொரு பக்கம் அதே அளவு ‘சொத்து’. உண்மையில் கட்டிய தவணை மட்டுமே வட்டிச் செலவில் வரும். இது முறைப்படியான கணக்குதான், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்தச் சொத்துக்குள் அணையும் இல்லை, மின்மாற்றியும் இல்லை. நாளைய நுகர்வோரின் பணப்பைதான் இருக்கிறது.

கடன் என்று பெயர் இல்லாத கடன்

3,000 கோடி வரம்பு பத்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதனால் வேறு வடிவங்கள் பிறந்தன. எரிவாயு டர்பைன்களை முதலீட்டாளருக்குக் குத்தகைக்கு விட்டு, உடனே திரும்பக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். பணம் கைக்கு வந்தது, வாடகை என்ற பெயரில் தவணை போனது. மெம்ஃபிஸ் நகர மின் நிறுவனம் 2003-இல் பதினைந்தாண்டு மின்சாரத்துக்கு 150 கோடி டாலரை முன்பணமாகக் கொடுத்தது. டிவிஏ அதற்கு மாதாமாதம் பில்லில் தள்ளுபடி தந்தது. முன்பணத்தையும் குத்தகையையும் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் கடன் என்றே எண்ணியது. நானும் அப்படித்தான் எண்ணுவேன். பிற்காலத்தில் டிவிஏவே தன் அறிக்கைகளில் பத்திரத்தையும் இவற்றையும் சேர்த்து ‘மொத்த நிதிப் பொறுப்பு’ என்று காட்டத் தொடங்கியது நல்ல மாற்றம்.

பிரிட்டிஷ் பவுண்டிலும் கடன் வாங்கியிருக்கிறார்கள். 2032-இலும் 2043-இலும் முதிர்பவை இருக்கின்றன. நாணய மாற்று ஒப்பந்தம் (நாணய ஸ்வாப்) போட்டு அன்றே டாலராக மாற்றிவிட்டதால் அதில் பெரிய கதை இல்லை.

ஏட்டு மதிப்பும் சந்தை மதிப்பும்

டிவிஏ தன் கடனை ஏட்டில் எழுதுவது விற்ற விலையை வைத்து, தள்ளுபடியையும் வெளியீட்டுச் செலவையும் ஆண்டுதோறும் கரைத்து. சந்தையில் இன்று அதன் மதிப்பு என்ன என்பது ஆண்டறிக்கையின் பின்குறிப்பில் வரும். சந்தை விலை கிடைத்தால் அது, இல்லையென்றால் அதே முதிர்வுள்ள பத்திரங்களின் இன்றைய வட்டியில் எதிர்காலத் தவணைகளைக் கழித்துக் கண்ட மதிப்பு.

வித்தியாசம் எவ்வளவு பெரிதாகலாம்? 2015-இல் டிவிஏ 100 கோடி டாலருக்கு ஐம்பதாண்டுப் பத்திரம் விற்றது. வட்டி 4.25 சதவீதம், முதிர்வு 2065. நாற்பதாண்டு பாக்கி என்று வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி என எளிமையாக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தை 5.25 சதவீதம் கேட்டால் அந்த 100 கோடியின் மதிப்பு சுமார் 83 கோடி. 3.25 போதும் என்றால் சுமார் 122 கோடி. ஒரு புள்ளி மேலே போனால் 17 குறைகிறது, அதே ஒரு புள்ளி கீழே வந்தால் 22 ஏறுகிறது. ஏட்டில் எப்போதும் ஏறக்குறைய 100.

இந்த 83-ஐப் பார்த்து டிவிஏ 17 கோடி சம்பாதித்துவிட்டது என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. மலிவான வட்டியை ஐம்பதாண்டுக்குப் பூட்டிவைத்தது உண்மையான பலன், அது நுகர்வோருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும். ஆனால் அதை இன்றே ரொக்கமாக்க வேண்டுமென்றால் சந்தையிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கான பணத்தை இன்றைய உயர் வட்டியில்தான் கடன் வாங்க வேண்டும். பலன் கைமாறுவதில்லை.

இன்னொரு மதிப்பீடும் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் வராதது. உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்தும் சந்தை இந்தப் பத்திரங்களை அரசின் நிழலில் வைத்தே விலை சொல்கிறது. 2011 ஆகஸ்டில் கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான எஸ் அண்ட் பி அமெரிக்க அரசின் தரத்தை ஒரு படி இறக்கியபோது டிவிஏவின் தரமும் கூடவே இறங்கியது. மின் நிறுவனத்தில் அன்று எதுவும் மாறியிருக்கவில்லை. 2013 ஏப்ரலில் ஒபாமா நிர்வாகத்தின் பட்ஜெட், டிவிஏவை விற்பது பற்றி ஆராயலாம் என்று ஒரு வரி சேர்த்ததும் பத்திர விலை இறங்கியது. தனியார் கைக்குப் போனால் நிழல் போய்விடும், கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கும் அதிகாரமும் போகலாம் என்று முதலீட்டாளர்கள் பயந்தார்கள். மலிவான வட்டியில் எவ்வளவு பங்கு மின் வியாபாரத்தின் பலம், எவ்வளவு பங்கு அந்த நிழல் என்பது அன்று கொஞ்சம் தெரிந்தது.

இப்போது புதிய மின் நிலையங்களுக்கு மீண்டும் பெரும் பணம் தேவைப்படுகிறது. டிவிசியும் டிவிஇயும் 2028, 2029-இல் முதிரும்போது அந்த இரண்டு சதவீதக் கடனுக்கு மாற்றாக அன்றைய வட்டியில் புதுக் கடன் தேட வேண்டும். 1979-இன் வரம்பு அப்படியே நிற்கிறது. அதை உயர்த்தாமல் விட்டால் கடன் குறையாது, குத்தகையும் முன்பணமுமாக வேறு பெயரில் வரும், வட்டியும் பத்திரத்தைவிடக் கூடவே இருக்கும். என்னைக் கேட்டால் நாடாளுமன்றம் வரம்பை உயர்த்தட்டும். பதிலுக்கு, இனி எந்த விருப்புரிமையையும் விற்பதில்லை என்ற விதியை எழுதி வாங்கட்டும். கட்டணத்தில் பின்னால் வசூலிக்க ஒதுக்கிவைத்த ஒவ்வொரு தொகையும் எந்த ஆண்டின் பில்லில் எவ்வளவாக வரும் என்பதையும் வாரியம் ஆண்டறிக்கையின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.